மாணவரின் கற்றல் இலக்கும் ஆசிரியரின் மதிப்பீடும்

இறையியல் கல்லூரியில் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரின் பணியை எதைக்கொண்டு மதிப்பிடுவது? இக்கேள்வி நம் கல்லூரிகளில் வெளிப்படையாக எழுப்பப்படுவது அரிது. ஆயினும் ஒவ்வோர் ஆண்டும் ஏதோ ஒரு வகையில் அதற்கு நாம் விடை அளித்துக்கொண்டே இருக்கிறோம். ஆசிரியர் பெற்ற பட்டங்களையும் எழுதிய கட்டுரைகளையும் எண்ணிப் பார்க்கிறோம். பொதுத் தேர்வின் முடிவுகள் வரும்பொழுது, அவருடைய பாடத்தில் எத்தனை பேர் தேறினர் என்று நோக்குகிறோம். அவர் நல்லவர், மாணவரிடம் அன்பாகப் பழகுகிறவர் என்று பொதுப்படக் கூறிக்கொள்கிறோம். இவை பயனற்றவை அல்ல. ஆனால் இவற்றுள் எதுவும் அடிப்படையான கேள்வியைத் தொடவில்லை. இவரிடம் கற்ற மாணவர் எந்நிலையில் வந்தார்? எந்நிலைக்கு வளர்ந்தார்? அவ்வளர்ச்சிக்கு இவர் செய்தது என்ன?

இக்கேள்விக்கு விடை காணும் முயற்சியாகக் கல்வித்துறையில் ஒரு முறை உருவாகியுள்ளது. ஆண்டின் தொடக்கத்திலேயே ஆசிரியர் தம் மாணவருக்கான கற்றல் இலக்குகளை எழுதி வைத்து, ஆண்டின் முடிவில் அவ்விலக்குகளின் ஒளியில் அவருடைய பணி மதிப்பிடப்படுவதே அம்முறை. நம் நாட்டில் பல்கலைக்கழக மானியக் குழு அண்மைக் காலத்தில் கற்றல் பயன்களை அடிப்படையாகக் கொண்ட பாடத்திட்ட அமைப்பை வலியுறுத்தி வருகிறது. கல்லூரிகளின் தரத்தை அளவிடுவோரும் இதையே கேட்கின்றனர். இறையியல் கல்வி இவ்வலைக்கு வெளியே நெடுங்காலம் நிற்க இயலாது. எனவே, இம்முறையின் இயல்பு யாது, அது வந்த வழி யாது, திருச்சபையின் பணிக்கு ஆட்களை ஆயத்தப்படுத்தும் நாம் அதை எவ்வளவிற்கு ஏற்கலாம், எவ்விடத்தில் மறுக்க வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

1. கற்றல் இலக்கு என்பது யாது?

பாடத்திட்டம் வேறு, கற்றல் இலக்கு வேறு. இவ்வாண்டு ஆமோஸ், ஓசியா, மீகா ஆகிய நூல்களை நடத்துவேன் என்று ஆசிரியர் கூறுவாரானால், அவர் தாம் செய்யப்போவதைக் கூறுகிறார். இவ்வாண்டின் முடிவில் என் மாணவர் தீர்க்கதரிசன நூலின் ஒரு பகுதியை அதன் காலச் சூழலில் வைத்து வாசித்து, அதன் செய்தியைச் சபையாருக்கு விளங்கும்படி எடுத்துரைப்பர் என்று கூறுவாரானால், அவர் மாணவரிடம் நிகழ வேண்டியதைக் கூறுகிறார். முன்னது கற்பித்தலின் பட்டியல். பின்னதே கற்றலின் இலக்கு.

இவ்வேறுபாட்டை முறைப்படுத்தியவருள் முதன்மையானவர் அமெரிக்கக் கல்வியறிஞர் ரால்ப் டைலர். 1949இல் வெளியான தம் நூலில், பாடத்திட்டத்தை அமைப்போர் முதலில் நோக்கத்தைத் தெளிவாக்க வேண்டும், பிறகு அதற்கேற்ற கற்றல் அனுபவங்களைத் தேர்ந்து ஒழுங்குபடுத்த வேண்டும், இறுதியில் நோக்கம் நிறைவேறியதா என்று காண வேண்டும் என்னும் ஒழுங்கை அவர் வகுத்தார். 1956இல் பெஞ்சமின் புளூமும் அவருடைய துணைவரும் அறிவு சார்ந்த நோக்கங்களை ஆறு படிகளாக வகைப்படுத்தினர். நினைவிற்கொள்ளுதல் அவற்றுள் கீழ்ப்படி. ஆய்தல், தொகுத்தல், மதிப்பிடுதல் ஆகியவை மேற்படிகள். 1964இல் டேவிட் கிராத்வோலும் அவருடன் உழைத்தோரும் மனப்பான்மை சார்ந்த நோக்கங்களுக்கும் இவ்வாறே படிகள் வகுத்தனர். ஒன்றைச் செவிகொடுத்து ஏற்பதில் தொடங்கி, அது ஒருவருடைய வாழ்வின் பண்பாகவே மாறுவது வரை அப்படிகள் செல்கின்றன. இறையியல் கல்வி தலைக்கு மட்டும் உரியதன்று என்று நம்புகிற நமக்கு இவ்விரண்டாம் வகைப்பாடு தனிப்பட்ட பொருளுடையது.

நன்கு அமைந்த கற்றல் இலக்கொன்றில் இன்று வழக்கமாக ஆறு கூறுகள் இருக்கும். இலக்கு எந்த மாணவருக்குரியது, அவர்களுடைய தொடக்க நிலை யாது, எவ்வளவு காலத்திற்குரியது, பாடத்தின் எம்மையப் பகுதியைச் சார்ந்தது, எச்சான்றைக்கொண்டு வளர்ச்சி அறியப்படும், அதற்கென ஆசிரியர் கையாளப்போகும் வழிகள் யாவை என்பனவே அவை. இவற்றுள் தொடக்க நிலை என்பதே இம்முறையின் உயிர்நிலை. தேர்வு மதிப்பெண் மாணவர் வந்து சேர்ந்த இடத்தை மட்டுமே காட்டும். புறப்பட்ட இடத்தைக் காட்டாது.

2. வரலாற்றில் ஓர் எச்சரிக்கை

மாணவரின் கற்றலைக்கொண்டு ஆசிரியரை மதிப்பிடுவது புதிய எண்ணமன்று. திருச்சபையின் பள்ளிகள் இதன் விளைவை முன்பே அனுபவித்தவை. இங்கிலாந்தில் ராபர்ட் லோ என்பவரின் முயற்சியால் 1862ஆம் ஆண்டின் திருத்திய கல்வி விதிகள் நடைமுறைக்கு வந்தன. தொடக்கப் பள்ளிகள் பெறும் அரசு மானியம் அவற்றால் பெரும்பாலும் தேர்வின் முடிவோடு பிணைக்கப்பட்டது. ஆய்வாளர் பள்ளிக்கு வந்து ஒவ்வொரு பிள்ளையையும் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றிலும் சோதிப்பார். மூன்றிலும் தேறிய பிள்ளைக்கு 8 ஷில்லிங் கிடைக்கும்; தவறிய ஒவ்வொரு பாடத்திற்கும் 2 ஷில்லிங் 8 பென்ஸ் குறைக்கப்படும். ஆசிரியரின் பிழைப்பே பிள்ளையின் நாவிலும் பலகையிலும் தொங்கிற்று.

விளைவு யாதாயிற்று? பள்ளி ஆய்வாளராகவே பணியாற்றிய மாத்யூ ஆர்னால்டு இம்முறையை இடைவிடாமல் குறைகூறினார். கற்பித்தல் இயந்திரத்தன்மை அடைந்தது என்பதே அவருடைய முறையீடு. பிள்ளைகள் ஆய்வாளர் வாசிக்கச் சொல்லும் சிறு நூலை மனப்பாடமாக ஒப்பித்தனர், பொருளை உணர்ந்தாரில்லை. மானியம் பெற்றுத் தராத பாடங்கள் ஒதுக்கப்பட்டன. சற்று முயன்றால் தேறிவிடக்கூடிய பிள்ளை கவனிக்கப்பட்டான். எப்படியும் தேறமாட்டான் என்று கருதப்பட்டவன் புறக்கணிக்கப்பட்டான். 1890களில் இம்முறை படிப்படியாகக் கைவிடப்பட்டது.

இக்காற்று நம் பகுதியிலும் வீசிற்று. 1854ஆம் ஆண்டின் கல்வி அறிக்கையை அடுத்து அரசு உதவி மானியம் பெறத் தொடங்கிய பள்ளிகளுள் மிஷன் பள்ளிகள் முன்னிலையில் நின்றன. சென்னை மாகாணத்தில் ஆசிரியர் ஊதியத்திற்கான மானியத்தோடு, தேர்வு முடிவிற்கேற்ற மானியமும் 1860களில் இடம்பெற்றது. இலங்கையிலும் 1870 முதல் மிஷன் பள்ளிகளுக்கான மானியம் தேர்வு முடிவைப் பொறுத்ததாயிற்று. 1882இல் அமைக்கப்பட்ட ஹண்டர் ஆணையம் இம்மானிய முறைகளை விரிவாக ஆராய்ந்தது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் வில்லியம் மில்லர் அவ்வாணையத்தில் ஓர் உறுப்பினர். இறுதியாக, கர்சன் பிரபு காலத்தில் 1904இல் வெளியான இந்திய அரசின் கல்விக் கொள்கைத் தீர்மானம் முடிவிற்கேற்ற மானியத்தைக் கைவிடும் நிலையை மேற்கொண்டது.

இவ்வரலாற்றை அறிந்தும் நாம் கற்றல் இலக்கு முறையை ஆராய்வது ஏன்? அது பழைய முறையின் மறுபிறப்புத்தானே என்று சிலர் வினவலாம். இரண்டிற்கும் இடையே ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. 1862ஆம் ஆண்டின் முறையில் இலக்கை வகுத்தது அரசு; அது எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றே. இன்றைய முறையில் தம் மாணவரை அறிந்த ஆசிரியரே அவரவர் தொடக்க நிலையைக் கண்டு இலக்கை அமைக்கிறார். இவ்வேறுபாடு போதுமானதா என்பதே நாம் காண வேண்டியது.

3. டென்வர் நகரின் அனுபவம்

அமெரிக்காவின் டென்வர் நகரப் பள்ளி நிர்வாகமும் ஆசிரியர் சங்கமும் உடன்பட்டு, 1999 முதல் 2003 வரை ஒரு சோதனை முயற்சியை மேற்கொண்டன. அதில் சேர்ந்த பள்ளிகளின் ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் தம் மாணவருக்கு இரண்டு இலக்குகளை எழுதித் தலைமையாசிரியரின் ஒப்புதலைப் பெற்றனர். இலக்கை எட்டியோருக்கு ஊக்கத்தொகை வழங்கப்பட்டது. 2004இல் வெளியான ஆய்வறிக்கை ஒன்று நம் சிந்தனைக்குரிய செய்தியைத் தந்தது. ஆசிரியர் எழுதிய இலக்குகளின் தரம் நான்கு நிலைகளாகப் பிரித்துப் பார்க்கப்பட்டது. எங்கே இலக்கு தெளிவாகவும் ஆழமாகவும் எழுதப்பட்டிருந்ததோ, அங்கே மாணவரின் கற்றலும் உயர்ந்திருந்தது. மாணவரை நன்கு அறிந்து, பாடத்தின் மையத்தை உணர்ந்து, செல்லும் வழியைச் சிந்தித்து எழுதிய இலக்குக்கும் கற்றலுக்கும் தொடர்பு இருந்தது என்பதே அதன் சாரம்.

இம்முயற்சியிலிருந்து வளர்ந்த ஊதிய முறையை 2004இல் ஆசிரியர் வாக்களித்து ஏற்றனர். 2005இல் நகர மக்கள் அதற்கென வரி செலுத்தவும் இசைந்தனர். ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல ஊக்கத்தொகைகள் பலவாகி, தமக்கு அடுத்த ஆண்டு எவ்வளவு கிடைக்கும் என்பதை ஆசிரியர் கணிக்க இயலாத நிலை உண்டாயிற்று. 2019ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அந்நகர ஆசிரியர் மூன்று நாட்கள் வேலை நிறுத்தம் செய்தனர். இம்முறையைப் பற்றிய மனக்குறையே அதன் முதன்மைக் காரணம். கற்றலை ஊக்குவிக்கத் தொடங்கிய முயற்சி, ஊதியப் பூசலில் வந்து நின்றது.

இதற்கிடையே 2009இல் அமெரிக்க நடுவண் அரசு 435 கோடி டாலர் மதிப்புள்ள போட்டி நிதித் திட்டம் ஒன்றை அறிவித்து, ஆசிரியர் மதிப்பீட்டில் மாணவரின் வளர்ச்சியைச் சேர்க்கும் மாநிலங்களுக்கு முன்னுரிமை அளித்தது. பொதுத் தேர்வு இல்லாத ஓவியம், இசை போன்ற பாடங்களின் ஆசிரியருக்குக் கற்றல் இலக்கு முறையே வழியாயிற்று. அது பல மாநிலங்களில் விரைவாகப் பரவிற்று. பரவிய வேகத்தில் படிவம் நிரப்பும் சடங்காகவும் ஆயிற்று. எளிதில் எட்டக்கூடிய இலக்கை எழுதுவதே அறிவுடைமை என்று பலர் கண்டுகொண்டனர். 2015ஆம் ஆண்டின் இறுதியில் இயற்றப்பட்ட புதிய கல்விச் சட்டத்தின்பின், ஆசிரியரை எவ்வாறு மதிப்பிடுவது என்பது மாநிலங்களின் விருப்பத்திற்கு விடப்பட்டது.

சமூக அறிவியலறிஞர் டொனால்டு காம்பெல் 1970களிலேயே இவ்வபாயத்தைச் சுட்டிக்காட்டியிருந்தார். ஓர் எண் அளவுகோலைக்கொண்டு மனிதரின் நன்மை தீமைகளை முடிவு செய்யத் தொடங்கினால், அவ்வளவுகோலே கறைபடும். அது அளக்க வந்த செயலும் கெடும் என்பது அவருடைய கருத்து. அட்லாண்டா நகரப் பள்ளிகளில் 2009ஆம் ஆண்டுத் தேர்வுகளின் விடைத்தாள்கள் ஆசிரியராலேயே திருத்தப்பட்டன என்று 2011இல் அரசு விசாரணை கண்டது. 44 பள்ளிகளில் 178 கல்விப் பணியாளர் இதில் உட்பட்டிருந்தனர். அவர்கள் எல்லாரும் பிறவியிலேயே வஞ்சகர் என்று யாரும் கூறமாட்டார். எண்ணின்மேல் அளவுக்கு மிஞ்சிய பாரம் ஏற்றப்பட்டது. அப்பாரத்தின்கீழ் மனச்சாட்சி வளைந்தது.

ஆகவே வரலாறு நமக்கு இரண்டு உண்மைகளைச் சேர்த்தே கற்பிக்கிறது. இலக்கை அமைக்கும் செயல் கற்பித்தலைச் செம்மைப்படுத்தும். இலக்கை எட்டிய எண்ணிக்கையோடு ஊதியத்தையும் உயர்வையும் பிணைத்தால், அச்செயலின் நன்மையே அழிந்துபோகும்.

4. திருமறையின் நோக்கு

இவ்விரு உண்மைகளும் திருமறையில் ஏற்கெனவே எதிரெதிராக நிற்பதை நாம் காண்கிறோம். எசேக்கியேல் 34ஆம் அதிகாரத்தில் மேய்ப்பர்கள் நியாயந்தீர்க்கப்படுகின்றனர். அவர்கள் எத்தனை மணி நேரம் உழைத்தனர் என்று அங்கே கேட்கப்படவில்லை. பலவீனமான ஆடு திடப்பட்டதா, காயப்பட்டது கட்டப்பட்டதா, சிதறியது தேடப்பட்டதா என்றே கேட்கப்படுகிறது. மந்தையின் நிலையே மேய்ப்பன்மேல் சாட்சி. போதகர் அதிகக் கண்டிப்பான நியாயத்தீர்ப்புக்கு உட்படுவர் என்று யாக்கோபின் நிருபமும் எச்சரிக்கிறது (யாக். 3:1). எனவே, நான் கற்பித்தேன், அவர்கள் கற்காததற்கு நான் பொறுப்பல்லேன் என்று கூறித் தப்பும் உரிமை கிறிஸ்தவ ஆசிரியருக்கு இல்லை.

மறுபுறம், கொரிந்து சபை தன் ஊழியரை அளந்து, ஒருவரை உயர்த்தி ஒருவரைத் தாழ்த்திக் கட்சி கட்டியபொழுது, பவுல் அவ்வளவுகோலையே முறித்துப் போடுகிறார். நட்டவனும் நீர் பாய்ச்சினவனும் வேலையாட்களே, விளைச்சல் தேவனுடையது (1 கொரி. 3:5-9). உக்கிராணக்காரனிடம் தேடப்படுவது உண்மை, அவனைக்குறித்து முந்தித் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை (1 கொரி. 4:1-5). விளைச்சலைத் தன் கையின் கிரியையாகக் கணக்குக் காட்டும் ஆசிரியன் தேவனுக்குரியதை எடுத்துக்கொள்கிறான். விளைச்சல் இல்லாததை முழுவதும் அவன்மேல் சுமத்தும் நிர்வாகமும் அதையே செய்கிறது.

நம் ஆண்டவரின் கற்பித்தலையே எண்ணிப் பார்ப்போம். மாற்கு 8:14-21இல் சீடர் இன்னும் உணராதிருப்பதைக் கண்டு அவர் வருந்துகிறார். பிடிக்கப்பட்ட இரவில் அவர்கள் சிதறி ஓடினர். அன்றைய இரவை மதிப்பீட்டின் இறுதி நாளாகக் கொண்டிருந்தால், அம்மூன்றாண்டுக் கல்வி முழுத் தோல்வி என்றே பதிவாகியிருக்கும். ஆஸ்தியுள்ள வாலிபன் துக்கத்தோடே போய்விட்டான் (மாற். 10:17-22), அங்கே குறை ஆசிரியரிடம் இல்லை. கற்போனுடைய சுயாதீனத்தையும், சில கற்றல்கள் கனிவதற்கு வேண்டிய காலத்தையும் மறந்த எம்மதிப்பீடும் திருமறைக்கு ஒத்ததாகாது.

தாலந்துகளின் உவமையை (மத். 25:14-30) ஆசிரியர் மதிப்பீட்டிற்கான விதியாக வாசிப்பது முறையன்று. எனினும் அதில் ஒரு குறிப்பு நம் கண்ணில் படுகிறது. ஐந்து தாலந்து ஈட்டியவனும் இரண்டு தாலந்து ஈட்டியவனும் எஜமானிடம் பெற்ற பாராட்டு ஒன்றே. அவனவன் திறமைக்குத் தக்கதாய்ப் பெற்றதை எஜமான் மறக்கவில்லை. கனியற்ற அத்திமரத்தின் உவமையிலோ (லூக். 13:6-9), தோட்டக்காரன் கனியின்மையை மறைக்கவில்லை, கணக்கையும் திருத்தவில்லை. சுற்றிலும் கொத்தி எருப் போட இன்னும் ஓர் ஆண்டு வேண்டுகிறான். மதிப்பீட்டின் முடிவு வெட்டுதலாக இராமல் கொத்துதலும் எருவிடுதலுமாக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த படம் ஏது?

5. இறையியல் வகுப்பில் இலக்கை அமைத்தல்

இனி, இம்முறை நம் வகுப்பறையில் எவ்வாறு செயற்படக்கூடும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். இளநிலை இறையியல் முதலாண்டில் பழைய ஏற்பாட்டு வகுப்பு. மாணவர் 16 பேர் என்று வைத்துக்கொள்வோம்.

(அ) தொடக்க நிலையை அறிதல். முதல் வாரத்தில் ஆசிரியர் ஆமோஸ் 5:18-24ஐக் கொடுத்து, அதை முதலில் கேட்டோருக்கு அது என்ன கூறிற்று, நம் சபையாருக்கு அதை எவ்வாறு எடுத்துரைப்பீர் என்று ஒரு பக்க அளவில் எழுதச் சொல்கிறார். இதற்கு மதிப்பெண் இல்லை. எழுதியவற்றை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார். பகுதியைத் தொடாமல் வழக்கமான அறிவுரையைக் கூறுவது முதல் நிலை. பகுதியின் சொற்களைத் திரும்பக் கூறுவது இரண்டாம் நிலை. காலச் சூழலையும் கருத்தோட்டத்தையும் கண்டு, இன்றைய பொருத்தத்தில் மட்டும் தடுமாறுவது மூன்றாம் நிலை. பகுதிக்கும் உண்மையாயிருந்து சபைக்கும் விளங்க உரைப்பது நான்காம் நிலை. ஏழு பேர் முதல் நிலையிலும், ஆறு பேர் இரண்டாம் நிலையிலும், மூவர் மூன்றாம் நிலையிலும் இருக்கின்றனர் எனக் கொள்வோம்.

(ஆ) எண்ணுக்குப் பின்னால் இருக்கும் மனிதரை அறிதல். முதல் நிலையிலுள்ள ஏழு பேரும் ஒரே வகையினர் அல்லர். ஒருவர் பத்தாண்டுகள் கிராமச் சபைகளில் உபதேசியாராக உழைத்தவர். வசனத்தைக் கண்டதும் பழகிய பிரசங்கம் தானாக வந்துவிடுகிறது. அவருக்கு வேண்டியது நின்று வாசிக்கும் பழக்கம். மற்றொருவர் ஆங்கில வழியில் பயின்றவர். தமிழ்த் திருமறையின் நடையே அவருக்கு அயலாக இருக்கிறது. வேறொருவர் தம் குடும்பத்தில் முதன்முதல் கல்லூரி வாசலை மிதித்தவர். ஆசிரியர் எதிர்பார்ப்பது யாது என்று அறியாமல், தவறு நேராத பொதுச் சொற்களில் ஒதுங்கிக்கொள்கிறார். மூவரும் பெற்ற நிலை ஒன்றே; தேவையோ மூன்று. இதை அறியாமல் எழுதப்படும் இலக்கு காகிதத்தில் எழுதிய எண்ணாகவே நிற்கும்.

(இ) இலக்கை எழுதுதல். வகுப்பில் நூற்றுக்கு எண்பது பேர் தேறுவர் என்பது இலக்கன்று. கல்வியாண்டின் முடிவிற்குள் ஒவ்வொருவரும் ஒரு நிலையேனும் உயர்வர். முதல் நிலையிலுள்ள எழுவருள் நால்வர் மூன்றாம் நிலையை எட்டுவர். மூன்றாம் நிலையினர் நான்காம் நிலையை எட்டுவர் என்று எழுதலாம். இதில் எவரும் விடுபடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நன்றாகக் கற்பவருக்கும் செல்லவேண்டிய தூரம் உண்டு. பின்தங்கியவரும் கணக்கிலிருந்து தள்ளப்படவில்லை.

(ஈ) வழியை எழுதுதல். வாரம் ஒருமுறை சிறு குழுக்களில் விளக்க நூல்களின் உதவியின்றிப் பகுதியை வாசித்து வினாக்களை மட்டும் எழுதுதல்; உபதேசியாராக இருந்தவரின் சபை அனுபவத்தையும் புதிதாக வந்தவரின் படிப்பையும் ஒரே குழுவில் சேர்த்தல்; வார இறுதிப் பணிக்குச் செல்லும் சபையில் உரைத்த செய்தியை அடுத்த வாரம் வகுப்பில் ஆராய்தல் முதலியன இடம்பெறலாம்.

(உ) இடையில் நோக்குதல். அரையாண்டில் ஆசிரியர் வேறொரு பகுதியைக் கொடுத்துப் பார்க்கிறார். ஏழு பேருள் ஐவர் அசையவேயில்லை என்று கண்டால், அப்பொழுதே வழியை மாற்ற வேண்டும். இறுதியில் மட்டும் செய்யப்படும் மதிப்பீடு பிணப் பரிசோதனையைப் போன்றது. நோயாளிக்கு அதனால் பயனில்லை.

(ஊ) முடிவில் காணுதல். ஆண்டின் இறுதியில் மீகா 6:1-8 கொடுக்கப்படுகிறது. அதே நான்கு நிலைகளைக்கொண்டு, மாணவரின் பெயர் தெரியாதபடி, வேறோர் ஆசிரியரும் அவற்றைப் படித்து நிலை குறிக்கிறார். இருவரும் வேறுபடும் இடங்களில் அமர்ந்து பேசுகின்றனர். அப்பேச்சே ஆசிரியர் இருவருக்கும் சிறந்த கல்வியாக அமையும்.

6. மதிப்பிட வேண்டியது எது?

இவ்வாண்டின் முடிவில் அவ்வாசிரியரை எவ்வாறு மதிப்பிடுவது? பதினாறு பேருள் எத்தனை பேர் இலக்கை எட்டினர் என்ற எண்ணை எடுத்து அவருக்கு மதிப்பெண் இடுவது எளிது. ஆனால் பதினாறு பேரில் ஒருவர் நோயுற்றாலே நூற்றுக்கு ஆறுக்கு மேல் குறைந்துவிடும். நம் வகுப்புகளின் சிறுமை புள்ளிவிவரத்தின் பாரத்தைத் தாங்காது. அதற்கும் மேலாக, எண்ணிற்கு மதிப்பெண் இடப்போகிறோம் என்று அறிவித்த கணத்திலேயே அடுத்த ஆண்டின் இலக்கு தாழ்ந்துவிடும். தொடக்க நிலையைக் குறைத்துக் காட்டவும் முடிவு நிலையை உயர்த்திக் காட்டவும் தூண்டுதல் எழும். இலக்கை அமைப்பவரும் சான்றைத் திரட்டுபவரும் ஆசிரியரே ஆகையால், உண்மை பேசுவதற்குத் தண்டனை விதிக்கும் முறை இங்கே சிறிதும் நிலைக்காது.

எனவே, மதிப்பிட வேண்டியது நான்கு. முதலாவது, ஆசிரியர் தம் மாணவரின் தொடக்க நிலையை மெய்யாகவே அறிந்தாரா? இரண்டாவது, அவர் அமைத்த இலக்கு பாடத்தின் உள்ளத்தைத் தொடுகிறதா, அல்லது எளிதில் எண்ணக்கூடியதை மட்டும் பற்றிக்கொண்டதா? மூன்றாவது, இடையில் கண்டதற்கேற்பத் தம் வழியை மாற்றினாரா? நான்காவது, இறுதிச் சான்றை நேர்மையாக வாசித்து, அதிலிருந்து அடுத்த ஆண்டிற்கு எதைக் கற்றுக்கொண்டார்? இந்நான்கும் உண்மையுள்ள உக்கிராணத்துவத்தைச் சார்ந்தவை. ஆசிரியரின் கைக்கு எட்டுபவை. உயர்ந்த இலக்கை அமைத்து அதில் பாதியே எட்டி, எட்டாத பாதியைத் தெளிவாகக் கூறும் ஆசிரியர், தாழ்ந்த இலக்கை முழுவதும் எட்டியவரினும் மேலானவராகக் கருதப்பட வேண்டும்.

இம்மதிப்பீட்டைச் செய்வோர் யாவர்? கல்லூரி முதல்வரும் அத்துறை அறிந்த ஓர் உடன் ஆசிரியரும் போதும். முதல்வரும் கற்பிப்பவராயின் தமது இலக்கை அவரும் எழுத வேண்டும். ஊதிய உயர்வும் பணி நிரந்தரமும் முடிவு செய்யப்படும் கூட்டத்திலிருந்து இவ்வுரையாடலைப் பிரித்து வைப்பது இன்றியமையாதது. கற்பிக்கும் கடமையையே விட்டுவிடும் ஆசிரியரைக் கண்டிக்கும் பொறுப்பு நிர்வாகத்திற்கு உண்டு; அதற்குரிய விதிகள் வேறு.

7. ஐயங்கள் சில

இறைப்பணிக்கான உருவாக்கத்தை அளக்க இயலுமா என்பது முதல் ஐயம். ஜெபமும் தாழ்மையும் ஏழையின்மேல் கொள்ளும் பரிவும் படிவத்தில் அடங்காதவை என்பது மெய்யே. அவற்றிற்கு எண் இடலாகாது. ஆனால் எண் இட முடியாதவற்றை நோக்கக்கூடாது என்பதில்லை. மருத்துவமனைச் சந்திப்பில் மாணவர் நோயாளியைப் பேச விடுகிறாரா, தாமே பேசிக்கொண்டிருக்கிறாரா என்பதை உடன் செல்லும் ஆசிரியர் காணலாம். அதைப் பற்றி உரையாடலாம். இங்கே இலக்கு எண்ணாக இராமல், கூர்ந்து நோக்கி எழுதப்பட்ட சில வரிகளாக இருக்கும்.

வேலைச் சுமை பற்றியது இரண்டாம் ஐயம். ஒவ்வொரு பாடத்திற்கும் ஐந்து இலக்குகள் என்று தொடங்கினால், இம்முறை இரண்டாண்டில் மடியும். ஆண்டிற்கு ஒரு பாடத்தில் ஓர் இலக்கு போதும். அதுவும் அப்பாடம் இல்லாவிடில் மாணவருக்கு எது நிரந்தரக் குறையாகுமோ அதைப் பற்றியதாக இருக்கட்டும்.

பொதுத் தேர்வு பற்றியது மூன்றாம் ஐயம். செராம்பூர் தேர்வுகளுக்கு மாணவரை ஆயத்தப்படுத்தும் கடமை இருக்கையில் இது இரட்டைச் சுமையாகாதா? தேர்வு பல கல்லூரிகளுக்குப் பொதுவான தரத்தைக் காக்கிறது; அது தேவை. ஆனால் மூன்று மணி நேரத் தாளில் நன்றாக எழுதியவர் மரண வீட்டில் சொல்லிழந்து நிற்கலாம். தேர்வு எட்டாத இடத்திலேயே கற்றல் இலக்கு தன் பணியைச் செய்ய வேண்டும். மேலும், படித்து வெளியேறி ஈராண்டு ஆன பின், அவரை ஏற்றுக்கொண்ட சபையின் மூப்பரும் பெண்களும் இளைஞரும் அவருடைய பணியைக்குறித்துக் கூறுவதைக் கல்லூரி கேட்க வேண்டும். இறையியல் கல்வியின் இறுதிச் சான்று அங்கேதான் இருக்கிறது.

முடிவுரை

மாணவரின் கற்றலைக் கேளாத ஆசிரியர் மதிப்பீடு வெறுமையானது. மாணவரின் கற்றலை எண்ணாக்கி ஆசிரியரின் அப்பத்தோடு கட்டும் மதிப்பீடு தீங்கானது. இவ்விரண்டிற்கும் நடுவே ஒரு வழி உண்டு. ஆசிரியர் தம் மாணவரை ஒவ்வொருவராக அறிந்து, அவர் செல்லவேண்டிய தூரத்தை எழுதி, அவரோடு நடந்து, நடந்ததை உடன் ஊழியருக்கு முன்பாக மறைவின்றிக் கூறுவதே அவ்வழி.

இதில் ஆபத்தில் இருப்பது ஆசிரியரின் நற்பெயர் மட்டுமன்று. கல்லூரியில் மூன்றாண்டு, நான்காண்டு அமர்ந்தும் கவனிக்கப்படாமல் தேறிச் செல்லும் மாணவர் நாளை ஒரு பீடத்தில் நிற்பார். அவர் கையில் ஒரு சபை ஒப்படைக்கப்படும். தேர்வுத்தாளில் காணப்படாத அவருடைய குறையை, அச்சபை ஞாயிறுதோறும் சுமக்கும். எனவே வரும் கல்வியாண்டின் முதல் வாரத்தில், பாடக் குறிப்பைத் திறக்குமுன் ஒவ்வோர் ஆசிரியரும் ஒரு தாளை எடுத்து, தம் வகுப்பிலுள்ளோரின் பெயர்களை எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் இப்பொழுது நிற்கும் இடம் எது என்று எழுத முயல்வாராக. எந்தப் பெயருக்கு எதிரே எழுத ஒன்றும் இல்லையோ, அம்மாணவரிடமிருந்தே அவ்வாண்டின் பணி தொடங்கட்டும்.